மேகம் மறைத்தால் படகு நிற்கும்

பாய்மரப் படகில் மாலத்தீவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது காற்றைப் பற்றித்தான். காற்று எப்படி இருந்தது, அலை பெரிதா, புயல் வந்ததா, பயமாக இல்லையா. உள்ளதைச் சொன்னால், காற்றைப் பற்றி நாங்கள் யோசித்தது முதல் இரண்டரை நாள்தான். அப்புறம் மூன்று வாரமும் எங்கள் கவலை முழுக்க வெயில் மேல்தான். வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை மணி வரை இருக்கும், அந்த மேகம் இந்தப் பக்கம் வருமா. மழைக்கு ஏங்குகிற விவசாயி வானத்தைப் பார்ப்பது போல, நாங்கள் மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படகு என்னுடையது அல்ல. கப்பலில் முப்பது வருடம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தூத்துக்குடி அண்ணாச்சியுடையது. முப்பத்தாறு அடி, பழைய படகு, தண்ணீருக்குக் கீழே 1.7 மீட்டர் இறங்கி நிற்கும். இந்த 1.7 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், இனி எல்லாமே அதைச் சுற்றித்தான். நான், அண்ணாச்சி, அண்ணாச்சியின் தங்கை மகன் என்று மூன்று பேர். எனக்குப் பாய்மரத்தில் அனுபவம் என்றால் கொச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் காயலில் அவரோடு சுற்றியது மட்டும்தான். மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஆனால் அவன் நன்றாகச் சமைப்பான். அண்ணாச்சி ஆள் எடுத்த கணக்கு எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

2023 பிப்ரவரியில் கொச்சியிலிருந்து கிளம்பினோம். மாலத்தீவின் வடக்குக் கோடியில் இருக்கிற உலிகமு என்ற சிறு தீவு சுமார் 260 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகம் என்றால் இரண்டு நாளும் கொஞ்சமும் ஆகும். வாடைக்காற்று பக்கவாட்டில் மெல்லமாக அடித்தது. இரண்டாம் இரவில் மினிக்காய்க்குத் தெற்கே எட்டு டிகிரி கால்வாயில்தான் வயிற்றைக் கலக்கியது. அரேபியக் கடலுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடுகிற பெரிய கப்பல்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. இருட்டில் ஒரு வெளிச்சம் மெதுவாகப் பெரிதாகும், பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் முந்நூறு மீட்டர் நீளம் என்று காட்டும், நாம் முப்பத்தாறு அடி. அண்ணாச்சி மட்டும் அசராமல் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கத்துல இருந்து முப்பது வருசம் பாத்துட்டேன்டே. இந்த மாதிரிச் சின்னப் படகெல்லாம் எங்க கண்ணுல பட்டதே கிடையாது" என்றார். இது எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னதா என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

உலிகமுவில் நங்கூரம் போட்டு, நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் கொடி ஏற்றினோம். சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று ஆட்கள் ஒரே படகில் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள், மாப்பிள்ளை போட்ட டீயைக் குடித்தார்கள், மது இருக்கிறதா பன்றி இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எங்களுக்காக வேலை பார்த்த ஏஜென்ட் முதலில் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வாங்கிய தொகை வேறு. அதைப் பேசினால் இந்தப் பதிவு அதிலேயே முடிந்துவிடும், விடுங்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என்று வருகிறதே, அது இந்தத் தீவுகள்தான் என்பது பலருடைய கருத்து. இன்றைய கணக்கில் மாலத்தீவில் 1,192 தீவுகள். பன்னீராயிரம் என்றது அரசவைப் புலவரின் தாராள மனம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற மணல் திட்டு, அலை நுரைக்கிற இடத்தில் ஒரு கையளவு தெரிகிற பார் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், புலவர் குறைத்துச் சொல்லிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. பார் என்று நான் சொல்வது அண்ணாச்சியிடமிருந்து தொற்றிக்கொண்டது. மன்னார் வளைகுடாக்காரர்களுக்குக் கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டு, பவளத் திட்டு எல்லாமே பார்தான்.

மாலத்தீவின் திவேகி மொழியில் இதற்கு இன்னும் நுணுக்கமான பெயர்கள் இருக்கின்றன. நீர்மட்டத்தை ஒட்டி எழும்பி நிற்கும் சின்னத் திட்டு கிரி. மேலே வராமல் ஆழத்திலேயே நின்றுவிடும் திட்டு தில. இரண்டு பவள வளையங்களுக்கு நடுவே ஓடும் ஆழமான வாய்க்கால் கந்து. இப்படிப் பவளத் தீவுகள் வளையமாக நிற்பதை உலகமெல்லாம் அடோல் என்று சொல்கிறதே, அந்தச் சொல்லே இவர்களுடைய அதொளுவிலிருந்து போனதுதான். எங்களுக்குக் கிரி என்ற சொல் மட்டும் நன்றாகப் பழகிவிட்டது. ஏனென்றால் ஒரு படகைக் கெடுக்கக்கூடியது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். அடோலுக்குள்ளே ஆழம் நாற்பது, ஐம்பது மீட்டர் இருக்கும். கிரி என்பது அந்த ஆழத்திலிருந்து தூண் மாதிரி செங்குத்தாக எழும்பி நிற்கிறது. நம் ஊர்க் கரையில் என்றால் ஆழம் பத்து, எட்டு, ஐந்து என்று குறைந்துகொண்டே வரும், சுதாரிக்க நேரம் இருக்கும். இங்கே டெப்த் மீட்டர் 44 காட்டும், 43 காட்டும், 44 காட்டும், அப்புறம் 3 காட்டும். மூன்று காட்டும்போது நீங்கள் ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கருவியின் ஒரே பயன், எதில் மோதினோம் என்பதை மோதிய பிறகு உறுதிப்படுத்துவதுதான்.

வரைபடம் இல்லையா என்றால் இருக்கிறது. இந்தக் கடலை முதன்முதலில் முழுமையாக அளந்தது 1834 முதல் 1836 வரை ராபர்ட் மோர்ஸ்பி தலைமையில் பம்பாயிலிருந்து வந்த குழு. டார்வின் மாலத்தீவை நேரில் பார்த்ததே இல்லை. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வர, கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்று 1842-இல் அவர் எழுதியபோது மாலத்தீவுக்கு அவர் கையில் இருந்தது மோர்ஸ்பியின் வரைபடங்கள்தான். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்த அந்த வேலை எவ்வளவு நேர்த்தியானது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நம் திரையில் வருகிற மின்னணு வரைபடத்தில் சில இடங்களில் எங்கள் படகு தீவின் மேல், தென்னைமரங்களுக்கு நடுவே நங்கூரமிட்டு நிற்பதாகக் காட்டியது. அதனால் செயற்கைக்கோள் படங்களைக் கொச்சியிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டோம். அதிலும் மேக நிழலா கிரியா என்று தெரியாத கறுப்புப் புள்ளிகள் உண்டு.

கடைசியில் மிஞ்சுவது கண்தான். ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்தலையில், நீரின் மினுமினுப்பைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கருநீலம் என்றால் பயமில்லை. வெளிர்நீலம் என்றால் மணல், ஐந்தாறு மீட்டர் இருக்கும். பச்சை என்றால் வேகத்தைக் குறை. பச்சைக்குள் பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் நிறுத்து. இந்த நிறமெல்லாம் சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே தெரியும். எதிர் வெயில் என்றால் கடல் முழுக்கத் தகரத் தகடு மாதிரி மின்னும், ஒன்றுமே தெரியாது. அதனால் மேற்கே போக வேண்டுமென்றால் காலையில், கிழக்கே என்றால் மதியத்துக்கு மேல். காலை ஒன்பதரைக்கு முன்னால் கிளம்பக் கூடாது, மூன்று மணிக்குள் நங்கூரம் போட்டிருக்க வேண்டும். ஆக ஒரு நாளில் ஐந்தரை மணி நேரம்தான் பயணம். எட்டு மணிக்குக் கடை திறக்காத வங்கி மேலாளர் மாதிரி ஒரு வாழ்க்கை.

நடுவில் ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தால்? நிறம் மொத்தமும் அணைந்துவிடும். விளக்கை அணைத்த மாதிரியேதான். ஒரு நொடிக்கு முன் படம் போட்டுக் காட்டிய கடல் சாம்பல் நிறத்தில் ஒரே சமமாகக் கிடக்கும். இஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு நிற்பது தவிர வேறு வழி இல்லை. ஒருமுறை இப்படி நாற்பது நிமிடம் நின்றோம். அண்ணாச்சி வானத்தைப் பார்த்துத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

அணியத்தில் பெரும்பாலும் என்னைத்தான் நிறுத்தினார்கள். முதல் இரண்டு நாள் எதைப் பார்த்தாலும் பாறை என்று கத்தினேன். கடல் பாசி மிதந்தால் பாறை, மேகத்தின் நிழல் நகர்ந்தால் பாறை. மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்று, "தம்பி, நிழல் நகரும், பார் நகராது. ஓரத்தைப் பாரு. நிழலுக்கு ஓரம் மங்கலா இருக்கும், பாருக்கு ஓரம் வெட்டுன மாதிரி இருக்கும், அதைச் சுத்தி ஒரு வெளிறின கோடு ஓடும்" என்றார். அன்று முதல் கொஞ்சம் பிடிபட்டது. பின்னாளில் நடுமதியத்தில் இரண்டு கிரிகளுக்கு நடுவே ஐம்பதடி இடைவெளியில், நான் கையை இடதும் வலதும் காட்ட, அவர் சுக்கானைத் திருப்ப, இருபக்கமும் மஞ்சள் மீன்கள் மேய்வதை மேலிருந்தே பார்த்துக்கொண்டு ஊர்ந்து போனோம். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே இவ்வளவு கவனமாகச் செய்தது வேறு எதுவும் இல்லை. அலுவலக மேலாளர் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தெற்கே பயணம் மெதுவாகத்தான் போனது. உதீமு தீவில் ஒரு நாள். 1573-இல் போர்த்துகீசியரை விரட்டிய முகம்மது தக்குருஃபானு பிறந்த ஊர், அவர் வாழ்ந்த மரவீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே ஊஞ்சல் கட்டில். வெளியே தெருவெல்லாம் வெள்ளை மணல், வீட்டு வாசலில் ஜோலி என்று கயிறு பின்னிய வலை நாற்காலிகள், அதில் சாய்ந்துகொண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு மஸ் ஹுனி. சூரை மீன், தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து ரொட்டியோடு. மாப்பிள்ளை ஒரு வாய் வைத்ததும் "இது எங்கம்மா வைக்கிற மாசிச் சம்பல்லா" என்றான். சரிதான். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று விற்கிற, சூரையை வேகவைத்துப் புகைபோட்டு மரக்கட்டை மாதிரிக் காயவைத்த சரக்கு பல நூற்றாண்டாக இங்கிருந்துதான் வருகிறது. இங்கே அதற்கு ஹிகிமஸ் என்று பெயர்.

இனி அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன்.

ஆள் இல்லாத ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அரைமணி தாமதம், அதுவும் மேகம். பதினான்கு மீட்டர் ஆழத்தில் வெளிறிய ஒரு இடத்தைப் பார்த்து மணல் என்று முடிவு செய்து நங்கூரத்தை இறக்கினோம். ஐம்பது மீட்டர் சங்கிலி விட்டோம். பிடித்தது. அதிகம் யோசிக்கவில்லை. வழக்கமாக அடியில் பவளம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் சங்கிலியில் இடைவெளி விட்டு காற்றடைத்த மிதவைகளான ஃபெண்டர்களைக் கட்டி, சங்கிலி தரையில் புரளாமல் மிதக்கும்படி செய்வோம். அன்று சோம்பல். மாப்பிள்ளை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான், வாசனை வேறு.

இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. சின்ன மழையோடு ஒரு இருபது நிமிடம். படகு சுற்றி வர, சங்கிலி அடியில் ஏதோ ஒன்றில் வளைந்து சிக்கிவிட்டது. ஐம்பது மீட்டர் நீளமாகத் தளர்ந்து கிடக்க வேண்டிய சங்கிலி இப்போது நேர் கீழே விறைத்து நிற்கிறது. ஒவ்வொரு அலைக்கும் அணியம் மேலே எழும்ப முயன்று முடியாமல் மடாரென்று இழுபடும். அதிர்ச்சியைத் தாங்கக் கட்டியிருந்த நைலான் கயிறு அறுந்தது துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. அப்புறம் சங்கிலி பவளத்தில் உரசுகிற சத்தம். படகின் உடம்பு முழுவதும் பல் நறநறவென்று கடிக்கிற மாதிரி. விடியும் வரை மூன்று பேரும் தூங்கவில்லை, பேசவும் இல்லை.

காலையில் சங்கிலியை இழுக்கிற மின்சார வின்ச்சைப் போட்டோம், ஒரு முனகல், ஃப்யூஸ் போனது. நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்தேன். ஏழு மீட்டரில் காது வலி தாங்க முடியாமல் திரும்பிவிட்டேன். ஆனால் பார்த்துவிட்டேன். நாங்கள் மணல் என்று நினைத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு மணல், சுற்றிலும் பவளம். சங்கிலி ஒரு ஆள் உயரத் திட்டை ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தது.

ஒன்பது மணி வாக்கில் பக்கத்துத் தீவிலிருந்து ஒரு தோணி வந்தது. இவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். சூரை பிடிக்கப் போகிறவர்கள், தூண்டிலுக்கு இரை மீன் பிடிக்க அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். மாலத்தீவில் சூரையை ஒவ்வொன்றாகத் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள், வலை போடுவதில்லை. அதில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம், எங்கள் சங்கிலியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், சிரித்தான். பனியனோடு அப்படியே இறங்கிவிட்டான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எழுபது வரை எண்ணியும் வரவில்லை. பிறகு நிதானமாக மேலே வந்து, கையால் காட்டினான். முன்னே, இடது பக்கம், மெதுவாக. அண்ணாச்சி இஞ்சினை முன்னே கொடுக்க, அவன் மறுபடியும் இறங்க, இப்படி ஆறு தடவை. ஆறாவது தடவை சங்கிலி தளர்ந்து தொங்கியது. வின்ச் வேலை செய்யாததால் ஐம்பது மீட்டரையும் கையால் இழுத்தோம். மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல். என் உள்ளங்கையில் இப்போதும் ஒரு தழும்பு இருக்கிறது.

பையன் மேலே ஏறி வந்து உட்கார்ந்தான். பணத்தை வாங்கவில்லை, முறுக்கை வாங்கிக்கொண்டான். கையில் ஒரு துண்டு பவளம், உடைந்தது, விரல் விரலாகக் கிளைத்தது. மேசை மேல் வைத்தான். பிறகு இரண்டு கையையும் விரித்து, கீழே இவ்வளவு அகலம் உடைந்திருக்கிறது என்று காட்டினான், ஒரு பெரிய கோலம் அளவு. கோபமாகவும் சொல்லவில்லை, சும்மா காட்டினான். 1998-இல் கடல் சூடேறி இந்த நாட்டின் ஆழம் குறைந்த இடங்களின் பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது, பிறகு 2016-இல் மறுபடியும். நாங்கள் நீந்திய இடங்களில் மூன்று மீட்டர் வரை சாம்பல் நிறச் சல்லிதான் கிடந்தது, அதற்கு நடுவே அங்கங்கே தட்டு அளவுக்குப் புதிதாக வளர்ந்து வருகிற பவளம். அந்தத் துண்டு அப்படி வளர்ந்து வந்ததில் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணாச்சி அதைத் திரும்பக் கடலிலேயே போட்டார். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

போகும்போது பையன் எங்களைத் தன் தோணிக்குப் பின்னால் வரச் சொன்னான். இருநூறு மீட்டர் தள்ளி, தீவின் மறுபக்கம், எட்டு மீட்டரில் கால்பந்து மைதானம் மாதிரி சுத்தமான மணல். நாங்கள் அதைத் தாண்டித்தான் முந்தின நாள் வந்திருந்தோம். மேகம்.

அதற்குப் பிறகு நங்கூரம் போட்டதும் யாராவது ஒருவர் குதித்துக் கீழே பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சமையல். அதனால் ஒரு லாபம், தினமும் கிளிமீன்களைப் பார்க்கக் கிடைத்தது. அவை பாறையைக் கடித்து அரைக்கிற கறகற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அரைத்த பவளம் பின்பக்கமாகப் புகை மாதிரி மணலாக விழும். மாலத்தீவின் வெள்ளை மணலில் கணிசமான பகுதி இப்படி வந்ததுதான் என்று சொன்னதிலிருந்து மாப்பிள்ளை கடற்கரையில் உட்காரும்போது துண்டு விரிக்க ஆரம்பித்தான்.

பா என்ற அடோலில் ஹனிஃபாரு வளைகுடாவில் மாந்தா திருக்கைகள் கூட்டமாக வரும், ஆனால் அது மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். நாங்கள் போனது பிப்ரவரி. வெறும் தண்ணீரைத்தான் பார்த்தோம்.

இருபத்து நான்காம் நாள் மாலே. வானளாவிய கட்டடங்கள், ஸ்பீட்போட் அலைகள், ஹுல்ஹுமாலே பக்கம் நங்கூரம். டீசல் வாங்க மாலே துறைமுகத்துக்குப் போனபோது அங்கே ஒரு மரத்தோணி, பின்பக்கம் தூத்துக்குடி என்று எழுதியிருந்தது. வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரையிலிருந்தே கையை உயர்த்தி, "தண்டல் யாரு?" என்று கத்தினார். தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். கைலி கட்டிய ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கயிருந்து வாரீய?"

"கொச்சியில இருந்து, நம்ம சொந்தப் படகுல" என்றார் அண்ணாச்சி, குரலில் கொஞ்சம் பெருமை.

"எத்தன நாளாச்சு?"

"இருவத்திநாலு நாள்."

தண்டல் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பரிதாபமாகக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, இஞ்சின் ரிப்பேரா?"